‘திரியாய்’ என்று எழுதிய ஒரு சீட்டு

தமிழில் ‘பாடம்’ என்ற சொல்லுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வேலை இருக்கு. பள்ளிக்கூடத்தில் படிக்கிறது பாடம். புகையிலையை அடுக்கி மூடிப் பதப்படுத்துகிறதும் பாடம் போடுகிறதுதான். செத்த மிருகத்தின் தோலை உரித்து, பதப்படுத்தி, உள்ளே வேறொரு உடம்பை வைத்து, உயிரோடு நிற்கிற மாதிரி நிறுத்துவதற்கும் அதே சொல்: பாடம் செய்தல். ‘பாடம் செய்த புலித்தலை’ என்று பழைய ஜமீன் கதைகளில் வாசித்திருப்பீங்கள். அந்தக் கதைகளோடேயே இந்த வேலையும் முடிந்துபோச்சு என்றுதான் எங்களில் பலர் நினைக்கிறோம். சுவரில் தொங்குகிற தலை, பக்கத்தில் துவக்கு, மீசை வைத்த ஒரு துரை.

எனக்கு வேறு கருத்து. திரியாய் மாதிரி ஒரு ஊரில் இந்த வேலையைப் பழகுகிற நாலு பேர் இருக்கவேணும். அவர்கள் மோசமாகத்தான் தொடங்குவார்கள். அந்த மோசமான முதல் பத்துத் துண்டுகளையும் சகித்துக்கொள்ள ஊர் தயாராக இருக்கவேணும். நான் கலைப்பீடத்துப் பிள்ளை, விலங்கியல் படிக்கிறவள் இல்லை. ‘இது உனக்கெதுக்கு’ என்று கேட்கிறவர்களுக்குப் பதில் கீழே வரும்.

முதலில் மோசமான துண்டுகளைப் பற்றிக் கொஞ்சம். சுவீடனில் கிரிப்ஸ்ஹோம் என்று ஒரு கோட்டை. அங்கே ஒரு சிங்கம் நிற்குது. இணையத்தில் அதன் படத்தைப் பார்த்து நீங்கள் கட்டாயம் சிரித்திருப்பீங்கள். கண் இரண்டும் முன்னுக்குக் கிட்டக்கிட்ட, நாக்கு வெளியே, பல்லு மனுசப் பல்லு மாதிரி. 1731இல் அல்ஜியர்ஸ் ஆட்சியாளர் சுவீடன் அரசருக்கு அன்பளிப்பாக அனுப்பிய சிங்கம் அது. செத்த பிறகு தோலும் எலும்பும் மட்டும்தான் பாடம் செய்கிறவரின் கைக்குப் போனதாம். அவர் உயிருள்ள சிங்கத்தைக் கண்டதில்லை என்றும், கொடியிலும் முத்திரையிலும் வரைந்த சிங்கத்தைப் பார்த்தே செய்தார் என்றும் சொல்கிறார்கள். லண்டன் ஹோர்னிமன் அருங்காட்சியகத்தில் ஒரு வால்ரஸ் இருக்கு. கனடாவின் ஹட்சன் விரிகுடாப் பக்கத்திலிருந்து வந்தது, 1886 கண்காட்சியில் வைத்தது. வால்ரஸின் தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்கும் என்று அதைச் செய்தவர்களுக்குத் தெரியாது. ஒரு மடிப்பும் மிஞ்சாமல் அடைத்து அடைத்து, காற்றடித்த பந்து மாதிரி ஆக்கிவிட்டார்கள். இன்றைக்கும் அப்படியே இருக்கு, சனம் தேடிப்போய்ப் பார்க்குது.

இரண்டு பேருக்கும் கை வேலை தெரிந்திருக்கு. ஊசி, நூல், கம்பி எல்லாம் பழக்கம். இல்லாதது கண். அந்த மிருகம் எப்படி நிற்கும், படுத்து எழும்பும்போது எந்தக் காலை முதலில் ஊன்றும் என்று அவர்கள் பார்த்ததே இல்லை.

இங்கேதான் எனக்குத் திரியாய் ஞாபகம் வந்தது. திருகோணமலையிலிருந்து புல்மோட்டைப் பாதையில் வடக்கே கிட்டத்தட்ட 45 கிலோமீற்றர், குச்சவெளி தாண்டி. கடல், களப்பு, வயல், குளம், காடு எல்லாம் ஒரு சைக்கிள் ஓட்டத்துக்குள் வந்துவிடும். எருமை சேற்றிலிருந்து எழும்புகிறதை ஆயிரம் தரம் பார்த்த பிள்ளைகள் இருக்கிற ஊர். கொக்கு கழுத்தை மடிக்கிற விதம், ஆட்காட்டி ஓடிப்போய் டக்கென்று நிற்கிற விதம் எல்லாம் அவர்களுக்குப் புத்தகத்தில் பார்க்கவேண்டிய விசயம் இல்லை. சுவீடன்காரருக்கு இல்லாத பாதி இவர்களிடம் ஏற்கனவே இருக்கு. கை வேலைதான் பாக்கி. அது பழகினால் வரும்.

எப்படி வரும் என்று ஒரு வருசமாகக் கிட்ட நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஊரில் எனக்கொரு நண்பன். யூடியூபில் பார்த்துக் கோழியில் தொடங்கினவன். கறிக்கு அறுக்கிற கோழிதான். இறைச்சி சட்டிக்குப் போகும், இறகோடு தோல் இவனுக்கு. முதல் நாள் அவனுடைய அம்மம்மா கேட்டது இன்னும் காதில் இருக்கு: “டேய், கோழிக்குள்ள தும்பு அடைக்கிற ஒருத்தனை நான் இண்டைக்குத்தான் காணுறன். மெத்தை தைக்கப்போறியே?”

அவ சொன்னது சரியாகப் போச்சு. முதல் கோழி மெத்தை மாதிரித்தான் வந்தது. ஹோர்னிமன் வால்ரஸுக்கு நடந்ததேதான் இங்கேயும். புதிதாகப் பழகுகிற எல்லாரும் செய்வது இது. ஈரத்தோல் இழுபடும். இழுபடுகிற அளவுக்கு அடைத்துக்கொண்டே போவோம். ஆனால் பறவையின் தோல் உடம்போடு இறுக்கி ஒட்டினது இல்லை, தளர்வானது. நாங்கள் ‘உடம்பு’ என்று பார்க்கிற வடிவத்தில் பெரும்பங்கு இறகின் அடுக்கு. தோலை உரித்த ஒரு கோழியையும் இறகோடு நிற்கிற ஒரு கோழியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விளங்கும். மூன்றாவது கோழியிலிருந்து அவன் ஒரு வேலை செய்தான். உரித்த உடம்பைக் குசினிக்குக் கொடுக்க முதல் அதன் நீளம், நெஞ்சின் சுற்றளவு, கழுத்தின் நீளம் எல்லாம் நூலால் அளந்து கொப்பியில் எழுதி, பேப்பரில் வைத்து விளிம்பும் கீறினான். அந்த அளவுக்குத் தும்பை இறுக்கி உருட்டி, நூலால் சுற்றிச் சுற்றி ஒரு பொய் உடம்பு. அதற்கு மேல் ஒரு பிடி தும்பு கூட இல்லை. கோழி உடனே இளைத்துப்போய்க் கோழியானது.

அடுத்தது கால். பறவையின் காலில் பின்னுக்கு மடிகிற மூட்டை நாங்கள் முழங்கால் என்று நினைக்கிறோம். அது முழங்கால் இல்லை, கணுக்கால். உண்மையான முழங்கால் மேலே இறகுக்குள் மறைந்து, உடம்போடு ஒட்டி முன்னுக்கு மடியும். இது தெரியாமல் கம்பியை வளைத்தால் கோழி கதிரையில் இருக்கப்போகிற கிழவர் மாதிரி நிற்கும். இரண்டு கோழி அப்படி நின்றது. மூன்றாவதுக்கு முதல் அவன் வீட்டுமுற்றத்தில் ஒரு பின்னேரம் முழுக்கச் சேவலுக்குப் பின்னால் கைபேசியோடு திரிந்தான்.

பிறகு கொழுப்பு. தோலின் உள்பக்கம் ஒட்டியிருக்கிற மஞ்சள் கொழுப்பைச் சுரண்டுகிறதுதான் இந்த வேலையில் ஆகச் சலிப்பான பகுதி. யூடியூப்காரர்கள் அதை வேகமாக ஓட்டிவிடுவார்கள். சுரண்டாமல் விட்டால் கொழுப்பு கசிந்து இறகெல்லாம் பிசுக்காகும், மணக்கும், கடைசியில் எறும்பு கண்டுபிடிக்கும். எங்கட காலநிலையில் எறும்புக்கு இரண்டு நாள் தேவையில்லை. இப்போது அவன் சுரண்டி, பாத்திரம் கழுவுகிற சோப்பில் தோலை அலசி, துவாயில் ஒற்றி, தங்கச்சியின் ஹெயார் டிரையரால் காய வைக்கிறான். நனைந்து ஒட்டின இறகு ஒவ்வொன்றாக எழும்பி விரிகிற அந்த அஞ்சு நிமிசம் பார்க்க வடிவு. உள்பக்கத்துக்கு வெண்காரம் பூசுகிறான். கண்ணாடிக் கண் இங்கே எங்கேயும் வாங்கேலாது. கறுப்பு மணியில் நகப்பூச்சால் செம்மஞ்சள் வளையம் கீறி வைக்கிறான்.

இதுவரை ஒன்பது. ஒன்பதாவது ஒரு சேவல். தூரத்திலிருந்து பார்த்தால் சேவல், கிட்டப் போனால் வால் கொஞ்சம் பிழை. முதலாவதையும் அவன் எறியவில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வருசத்தில் கை எவ்வளவு தூரம் போயிருக்கு என்று தெரியுது. மூன்று மணித்தியாலத்தில் எழுதி முடிக்கிற சோதனையில் எனக்கு அப்படி ஒரு சாட்சி ஒருநாளும் கிடைத்ததில்லை.

சரி, கோழி நின்றுவிட்டது. இதனால் ஊருக்கு என்ன?

ஒரு கதையிலிருந்து வாறேன். 1826இல் எடின்பரோவில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த ஒரு 17 வயதுப் பிள்ளைக்குப் படிப்பு பிடிக்கவில்லை. ஜோன் எட்மன்ஸ்டன் என்பவரிடம் காசு கொடுத்து, நாளுக்கு ஒரு மணித்தியாலம் என்று இரண்டு மாதம், பறவையைப் பாடம் செய்யப் பழகினான். எட்மன்ஸ்டன் கயானாவில் அடிமையாக இருந்து விடுதலையான கறுப்பினத்தவர். அந்த மாணவன் சார்ல்ஸ் டார்வின். பிறகு பீகிள் கப்பலில் போனபோது பறவைத் தோல்களைக் கெடாமல் இங்கிலாந்து கொண்டுவந்து சேர்த்தது இந்தக் கைப்பழக்கத்தால்தான். டார்வின் தன் சுயசரிதையில் இந்த ஆசிரியரைக் குறிப்பிடுகிறார், பெயரைச் சொல்லாமல். அதே டார்வின் கலாபகோஸ் தீவுகளின் குருவிகளில் எது எந்தத் தீவில் பிடித்தது என்று சரியாகச் சீட்டு எழுதி வைக்கவில்லை. பிறகு கப்பலில் வந்த மற்றவர்களின் சேகரிப்பைப் பார்த்துத்தான் அதைச் சரிப்படுத்த வேண்டியிருந்தது.

அந்தச் சீட்டுத்தான் எனக்கு முக்கியம். பாடம் செய்த பறவை ஒன்றின் காலில் கட்டுகிற சின்னத் துண்டு: எங்கே, எப்போது, யார் எடுத்தது, பெயர் என்ன. அது இல்லாவிட்டால் எவ்வளவு உயிரோட்டமாக நின்றாலும் அது வீட்டு அலங்காரம். இருந்தால், தும்பு பிதுங்கிக்கொண்டு நின்றாலும், நூறு வருசத்துக்குப் பிறகு ஒருத்தர் அதிலிருந்து எதையாவது தெரிந்துகொள்ளலாம். ஆராய்ச்சிக்கு வைக்கிற தோல்களை நிறுத்தி வைக்கிறதே இல்லை. கண்ணில் பஞ்சு, கால் இரண்டும் சேர்த்துக் கட்டி, மல்லாக்கப் படுக்க வைத்து ஒரு லாச்சிக்குள் அடுக்குவார்கள். புதிதாகப் பழகுகிறவருக்கு இதுதான் சுகம். நிற்கிற நிலையைப் பற்றிய தலையிடி இல்லை. நான் படிச்ச பள்ளிக்கூடத்து ஆய்வுகூடத்தில் ஒரு போத்தலுக்குள் பாம்பு இருந்தது. என்ன பாம்பு, எந்த ஊர்ப் பாம்பு, எந்த வருசம் என்று ஒரு எழுத்து இல்லை. ஏழு வருசம் அதைக் கடந்து போனோம். ஒருத்தரும் கேட்கவுமில்லை.

எங்கட மாவட்டத்துப் பறவைகளுக்கு இப்படிச் சீட்டு எழுதினவர் ஒருத்தர் இருந்தார். வின்சென்ட் லெக், தாஸ்மேனியாவில் பிறந்த பீரங்கிப் படை அதிகாரி. 1868 தொடக்கம் 1877 வரை இலங்கையில் இருந்தவர், திருகோணமலையிலும் பணியாற்றினவர். பறவைகளைச் சுட்டு, தோல் எடுத்து, குறிப்பு எழுதி, 1880இல் இலங்கைப் பறவைகள் பற்றிப் பெரிய புத்தகமொன்றை லண்டனில் முடித்தார். அதில் பறவைகளுக்குச் சிங்களப் பெயரும் தமிழ்ப் பெயரும் கொடுத்திருக்கிறார். அந்தத் தமிழ்ப் பெயர்களை அவர் காற்றிலிருந்து பிடித்திருக்க ஏலாது. யாரோ ஒரு வேட்டைக்காரர், தோணிக்காரர், மாடு மேய்க்கிற பிள்ளை, “இது உள்ளான் ஐயா, இது ஆலா” என்று சொல்லியிருக்கவேணும். எட்மன்ஸ்டனைப் போலவே அவர்களும் பெயரில்லாமல் இருக்கிறார்கள். பறவைத் தோல்களோ கடல் தாண்டிப் போயின. லெக் சேர்த்தவற்றில் ஒரு தொகுதி ஹோபார்ட் நகரத்து அருங்காட்சியகத்தில் இருக்கு. நான் அவரைத் திட்டவில்லை, அவர் வேலையைச் செய்தார். திரியாய்ப் பிள்ளைக்குத் தன் ஊர்ப் பறவையைக் கையெட்டும் தூரத்தில் நின்று பார்க்க இடமில்லை என்பதுதான் கேள்வி. கொழும்பில் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் 1986இல் திறந்தது. திரியாயிலிருந்து அங்கே போய்வர இரண்டு நாள் வேணும்.

இதில் எனக்குக் கோபம் வருகிற ஒரு இடம் உண்டு, அது யானை. கண்டி தலதா மாளிகையின் ராஜா யானை 1988இல் செத்தபோது பாடம் செய்து தனி அருங்காட்சியகத்தில் நிறுத்தினார்கள். 2022 மார்ச்சில் நெடுங்கமுவ ராஜா செத்தபோதும் உடலைப் பாதுகாக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு உடனே வந்தது. தப்பில்லை. இரண்டும் பெருமையான யானைகள், செய்தவர்களின் கைவேலையும் பெரியது. ஆனால் இலங்கையில் மனுசரோடு வாற மோதலில் சாகிற யானைகளின் கணக்கு 2019இல் ஒரு வருசத்துக்கு 400ஐத் தாண்டினது. சூடு, மின்கம்பி, தீனிக்குள் வைக்கிற வெடி, புகையிரதம். எங்கட பக்கத்து வயலோரத்தில் செத்தால் மிருக வைத்தியர் வந்து பார்ப்பார், பிறகு ஜேசிபி வரும், குழி, அவ்வளவுதான். அந்த யானையின் ஒரு பல்லுக்கோ பாத எலும்புக்கோ ஊரின் பெயர் எழுதின சீட்டு எங்கேயும் இல்லை. நான் யானையைப் பாடம் செய்யச் சொல்லவில்லை, அதற்கு ஒரு பட்டறையும் வருசக்கணக்கான அனுபவமும் வேணும். எதை ஞாபகம் வைக்கிறது, எதைத் தாக்கிறது என்று இந்த நாட்டில் யார் முடிவெடுக்கிறார்கள் என்பதற்கு அது ஒரு நல்ல உதாரணம் என்கிறேன்.

மறுப்புகள் எனக்குத் தெரியும். வேட்டைக்காரர் வேலை என்று சொல்லுவீங்கள். வரலாறு அப்படித்தான். மைசூரில் வான் இங்கன் குடும்பத்தின் பட்டறை நூறு வருசம் கிட்ட நடந்தது, ராஜாக்களும் துரைமாரும் சுட்ட புலியும் சிறுத்தையும் அங்கே பல்லாயிரக்கணக்கில் போயிருக்கு. புலி குறையக் குறையப் பட்டறையின் பெயர் வளர்ந்தது. ஆனால் அதே கைவேலையை மும்பையில் சந்தோஷ் கெய்க்வாட் என்ற மிருக வைத்தியப் பேராசிரியர் வேறு மாதிரி எடுத்தார். உடற்கூறு படிப்பிக்கிறவர். அருங்காட்சியகத்தில் பறவைகளைப் பார்த்துப் பிடித்துப்போய்த் தானே பழகினார். 2009இல் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவில் ஒரு மையம் வந்தது. தானாகச் செத்த மிருகங்கள் மட்டும், அனுமதியோடு.

சட்டம் இங்கேயும் கடுமை, கடுமையாக இருக்கத்தான் வேணும். 1937இன் தாவர விலங்குகள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் றோட்டில் அடிபட்டுக் கிடக்கிற மரநாயையோ கரையொதுங்கின ஆமையையோ நினைத்தபடி வீட்டுக்குக் கொண்டுவர ஏலாது. வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் தொடவே வேண்டாம். அதனால்தான் கோழி, தாரா, வீட்டு எலி, சந்தை மீன். இன்னொரு எச்சரிக்கை: பழைய காலத்தில் பூச்சி அரிக்காமல் இருக்க ஆர்சனிக் பூசினார்கள். எங்கேயாவது பழைய துண்டைக் கண்டால் வெறுங்கையால் தடவிப் பார்க்காதீங்கள்.

அருவருப்பு என்பவர்களுக்கு ஒரு சின்ன விசயம். கன்று செத்துப்போன பசு பால் சுரக்காது என்று கன்றின் தோலுக்குள் வைக்கோலை அடைத்துப் பக்கத்தில் நிறுத்திக் கறக்கிற வழக்கம் எங்களிடம் இருந்தது. அதற்குத் ‘தோற்கன்று’ என்று தனிச்சொல்லே உண்டு. அப்படிக் கறந்த பால் நல்லவர்களுக்கு ஆகாது என்று பழைய நீதிப்பாட்டில் வருகிற அளவுக்குப் பழைய வழக்கம். ஆக, தோலுக்குள் வைக்கோல் வைக்கிற வேலை வெள்ளைக்காரன் கொண்டுவந்தது இல்லை. பசுவை ஏமாற்றச் செய்ததை இப்போது பிள்ளைகளுக்குக் காட்டச் செய்யலாமே என்கிறேன்.

கலைப்பீடத்துக்கு இதில் என்ன வேலை என்றால், பெயர்கள். 1985இல் திரியாய் எரிந்து சனம் இடம்பெயர்ந்தது. பல வருசம் கழித்துத்தான் ஒரு பகுதி திரும்பி வந்தது. வந்தபோது வயலில் காடு நின்றது என்று வீட்டில் சொல்லுவினம். இடையில் வேறு ஊர்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் குளத்துப் பறவை எல்லாம் ‘கொக்கு’, கடல் மீன் எல்லாம் ‘மீன்’. புலுனி, கொண்டைக்குலாத்தி, கூழைக்கடா என்று பிரித்துச் சொல்லக்கூடிய ஆக்கள் வயதாகிப் போயினம். பேட்டி எடுத்துப் பெயர்ப் பட்டியல் எழுதலாம், எங்கட துறையில் அப்படித்தான் செய்வோம். ஆனால் கையில் ஒன்றும் இல்லாமல் “உங்களுக்கு என்னென்ன மீன் தெரியும்” என்று கேட்டால் கிழவர் அஞ்சு பெயர் சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கச் சொல்லுவார். ஒரு பாடம் செய்த மீனை முன்னுக்கு வைத்தால் கதை வேறு.

இதை நான் கண்ணால் பார்த்தேன். நண்பன் இப்போது மீனுக்கு மாறியிருக்கிறான். மீனில் ஒரு பக்கத்தால் வெட்டி மற்றப் பக்கத்தைத்தான் காட்டுகிறது, அதனால் தையல் தெரியாது. தொல்லை நிறம்தான். தண்ணியிலிருந்து எடுத்துக் கொஞ்ச நேரத்திலேயே மங்கத் தொடங்கிவிடும், காய்ந்தால் எல்லாம் ஒரே மண்ணிறம். ஆகவே கரைக்கு வந்த உடனே படம் எடுத்து வைத்து, பிறகு அதைப் பார்த்து வண்ணம் பூசவேணும். முதல் இரண்டு மீனும் கோயில் சப்பறத்தில் வைக்கிற மாதிரிப் பளபளவென்று வந்தது. மூன்றாவது ஒரு பாரை. செட்டை கொஞ்சம் கிழிந்திருக்கு, நிறம் பரவாயில்லை. சீட்டில் இடம், திகதி, வலைக்காரரின் பெயர் எல்லாம் எழுதி, மீனின் பெயருக்கு நேரே ‘பாரை’ என்று போட்டு வாடிக்குக் கொண்டுபோனான்.

“தம்பி, பாரையில எத்தனை சாதி இருக்கு, நீ வெறும் பாரை எண்டு எழுதினா எப்பிடி?” என்று ஒரு ஐயா தொடங்கினார். அவர் சொன்ன பெயரைப் பக்கத்தில் இருந்தவர் ஒத்துக்கொள்ளவில்லை. மூன்றாவது ஆள், சின்னதில் ஒரு பெயர், பெருத்தால் வேறு பெயர் என்றார். அரை மணித்தியாலம் நல்ல சண்டை. நண்பன் மூன்று பெயரையும், சொன்னவர்கள் யார் என்பதையும் எழுதிக்கொண்டான். சீட்டில் இடம் போதாமல் பின்பக்கமும் எழுதியிருக்கிறான்.